பதினாறாவது கட்டம்

செருப்பைக் கழற்றியதற்காக நான் திட்டு வாங்கிய ஒரே இடம் கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் பொது நூலகத்தின் மாடிதான். கீழே புத்தகங்கள், பேப்பர் படிக்கிற பெரியவர்கள், மின்விசிறிச் சத்தம். மாடியில் இருப்பதை மேக்கர் ஸ்பேஸ் என்கிறார்கள். ஒரு நீண்ட அறையில் கம்ப்யூட்டர், தையல் மிஷின், பிளாஸ்டிக்கை உருக்கிச் சாமான் செய்கிற முப்பரிமாணப் பிரிண்டர், மரத்தை ஒளியால் வெட்டுகிற லேசர் மிஷின், சுவரில் வரிசையாக ரம்பமும் சுத்தியலும். நூலக உறுப்பினர் யார் வேண்டுமானாலும் வந்து பழகிக்கொண்டு, தங்களுக்கு வேண்டியதைச் செய்துகொள்ளலாம். வாசலில் நின்று பார்த்தவுடன் என் கால் தானாகச் செருப்பை விட்டுவிட்டது. நம் பக்கத்தில் தையல் மிஷினில் உட்காருவதற்கே செருப்பைக் கழற்றுகிறவர்கள் நாம். இத்தனை மிஷின் இருக்கிற இடத்தில் செருப்புக் காலோடு நுழைய எனக்கு மனம் வரவில்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் ஓடி வந்தாள். பெயர் ஷமீமா, அந்த அறைக்குப் பொறுப்பாளர். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். நான் தமிழ் என்று என் மூக்குத்தியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "அக்கா, செருப்பு இட்டுட்டு வாங்க. பலகை காலுல வீணா ஆரு உத்தரவாதம்?" என்றாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வா, பலகை காலில் விழுந்தால் யார் பொறுப்பு என்கிறாள். கொச்சங்காடியில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண் என்று பிறகு தெரிந்தது. வீட்டில் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரிந்தது மலையாளம். நான் மறுபடியும் மாட்டிக்கொண்ட ரப்பர் செருப்பும் அவளுக்குப் போதவில்லை. காலை முழுக்க மூட வேண்டுமாம். அலமாரியிலிருந்து யாரோ விட்டுப்போன கேன்வாஸ் ஷூவை எடுத்துக் கொடுத்தாள். நாற்பத்தாறு வயதில் முதல்முறையாக ஷூ போட்டேன், அதுவும் இரண்டு அளவு பெரிது.

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் ஊரிலும் நூலகம் உண்டு. ஒரே அறை, பேசினால் முறைப்பார்கள். பெண்கள் உள்ளே போனால் போனதற்குக் காரணம் கேட்பார்கள். நான் அதன் ஜன்னலை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இங்கே உறுப்பினரானதே என் மகள் தேன்மொழியால்தான். அவள் இங்கேயே பிறந்து, மலையாளத்தில் படித்து, இப்போது கல்லூரியில் இருக்கிறாள். நூலகத்தில் ஒரே ஒரு அலமாரி தமிழ் என்று அவள் சொன்ன பிறகு, சுக்குக் கிடங்கு வேலை முடிந்து வரும் வழியில் ஏறி இறங்க ஆரம்பித்தேன். அந்த ஒரு அலமாரியை நான் இரண்டு சுற்று முடித்துவிட்டேன். ஆனால் மாடிக்கு ஏறிப்போனது புத்தகத்துக்காக அல்ல, என் வீட்டுக்காரருக்காக.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் செல்லப்பாண்டி. இந்தப் பக்கத்துக்கு அண்ணாச்சி. இருபத்திரண்டு வருடமாக மட்டாஞ்சேரி, கொச்சங்காடிச் சந்துகளில் தள்ளுவண்டியில் காய்கறி விற்றார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்களே, அது இவருக்காகவே சொன்னது. வண்டி திரும்புவதற்கு முன்பே குரல் திரும்பிவிடும். பாதித் தமிழ், பாதி மலையாளம், மீதி அவர் சொந்தமாகச் செய்த பாஷை. "சேச்சியே, முருங்கைக்கா வந்நு, சின்னமனூரு முருங்கைக்கா, கறி வச்சா கல்யாணம்" என்று கத்துவார். முருங்கைக்காய்க்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டால், சம்பந்தம் இருந்தால் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்பார். கல்யாணமான புதிதில் இந்த மனுஷன் எப்போதுதான் வாயை மூடுவார் என்று நான் சாமியிடம் வேண்டியதுண்டு.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை, வண்டியில் காய் அடுக்கிக்கொண்டிருக்கும்போதே விழுந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது எல்லாம் விளங்குகிறது, திருப்பிச் சொல்ல வார்த்தை வரவில்லை, எழுதவும் வரவில்லை. சக்கர நாற்காலியில் உட்காருவார், இடது கை மட்டும் வேலை செய்யும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டர், படங்களைக் காட்டித் தொடச் சொல்லிப் பழக்குங்கள் என்றார். தேன்மொழி அட்டையில் படம் வரைந்தாள். கஞ்சி சிந்தி இரண்டு நாளில் நைந்துவிட்டது. போனில் அதற்கென்று ஏதோ இருக்கிறது என்று போட்டுக் காட்டினாள். அவர் நடுங்குகிற விரலால் தொட, தண்ணீர் கேட்டவருக்குப் போன் பத்து விஷயம் பேசியது. கோபத்தில் தட்டிவிட்டார். அப்போதுதான் மகள் சொன்னாள், மரத்தில் ஆழமாகச் செதுக்கினால் நனையாது, விரலுக்கும் தட்டுப்படும், நூலக மாடியில் அதற்கு மிஷின் இருக்கிறது என்று.

ஒரு தடுக்கு அளவு பலகை, அதில் பதினாறு கட்டம். ஒரு மனுஷனுக்கு எத்தனை வார்த்தை வேண்டும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறீர்களா? நானும் ஷமீமாவும் கம்ப்யூட்டர் முன்னால் மூன்று சாயங்காலம் போட்டோம். ஆமாம், வேண்டாம், தண்ணீர், வலி, கழிப்பறை என்று சுலபமானவை சீக்கிரம் முடிந்தன. சோற்றுக்குப் படம் போடச் சொன்னால் தட்டில் சோறும் பக்கத்தில் ஒரு மீனும் வரைந்தாள். மீனை எடு என்றேன். மீன் இல்லாத சோறா என்று அவளுக்குப் புரியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் மீனைத் தொட்டால் நான் என்ன பதில் சொல்வது? மகளுக்கு ஒரு படம்: இரட்டைச் சடை, கண்ணாடி. எனக்கு ஒரு படம்: மூக்குத்தி போட்ட ஒரு முகம். இவ்வளவு ஒல்லியாக இருந்தால் அவர் என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார் என்றதும் கன்னத்தைக் கொஞ்சம் ஊதிவிட்டாள்.

பதினைந்தாவதாக ஒரு பஸ் போடச் சொன்னேன், அது ஊருக்கு. குமுளி வழியாகப் போகிற பஸ். அப்போது ஷமீமா, வீட்டுக்கு ஒரு படம் வேண்டாமா என்று கேட்டாள். நான் சிரித்துவிட்டு, "வீடு ஊர்ல தானம்மா இருக்கு. இங்க ரூம்தான்" என்றேன். இங்கே வந்த நம் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். ஒண்டிக்கட்டையாக வந்து ஐந்து பேரோடு தங்கியபோது அது ரூம். கல்யாணமாகி, பிள்ளை பெற்று, அதே பிள்ளைக்கு ஓட்டுப்போடும் வயது வந்த பிறகும் அது ரூம்தான். சமையலறை தனியாக இருக்கிறது, வாசலில் நான் வைத்த கறிவேப்பிலை ஆள் உயரம் வளர்ந்திருக்கிறது, இருந்தும் ரூம். பதினாறாவது கட்டம் காலியாக இருக்கட்டும், எதையாவது மறந்திருப்போம், பிறகு செதுக்கிக்கொள்ளலாம் என்றாள் ஷமீமா.

மிஷினை நானே ஓட்டினேன். அவள் ஓட்டித் தந்திருப்பாள், ஆனால் அந்த இடத்தின் வழக்கம் அது இல்லை. பக்கத்தில் நிற்பாள், கை என்னுடையதாக இருக்க வேண்டும். பலகையை வைத்து, மூடியை இறக்கி, பொத்தானை அமுக்கினால் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி ஓடி ஓடி மரத்தைக் கருக்குகிறது. ஓடி முடிக்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது, தீப்பிடித்தால் அணைக்க ஆள் வேண்டும். அடுப்பில் பால் வைத்தவள் மாதிரி நின்றேன். முதல் பலகை மங்கலாக வந்தது, அவர் கண்ணுக்குத் தெரியாது என்று தள்ளி வைத்தோம். இரண்டாவதை வேகம் குறைத்து ஓட்டினோம். ஆழமாக, கறுப்பாக, விரல் வைத்தால் பள்ளம் தெரிகிற மாதிரி வந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்தபோது என் உள்ளங்கை எல்லாம் கருகிய மரவாசனை. அந்தச் சாயங்காலம் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை, என் பிள்ளையைத் தவிர.

மடியில் பலகையை வைத்ததும் அவர் எல்லாக் கட்டத்தையும் தடவிப் பார்த்தார். என் முகத்தில் விரல் வைத்து என்னைப் பார்த்து, ஒரு பக்கமாகச் சிரித்தார். அப்புறம் பஸ்ஸைத் தொட்டார். தொட்ட விரல் வெகுநேரம் அங்கேயே இருந்தது. நான் உள்ளே போய் அழுதேன். அன்றைக்கே அவருடைய அண்ணனுக்கு, என் மூத்தாருக்கு, போன் போட்டுச் சொன்னேன்.

மூத்தார் ஊரில் சின்ன விவசாயி, நல்ல மனுஷன். இவர் விழுந்த நாளிலிருந்து ஒரே பேச்சுத்தான். "அங்க யாரு இருக்கா தாயி நமக்கு? கூட்டிட்டு வந்துரு. கஞ்சியோ கூழோ சேந்து குடிப்போம்" என்பார். பின்கட்டில் ஒரு அறைக்குச் சக்கர நாற்காலி ஏறச் சரிவு கூடக் கட்டிவிட்டார். அங்கே யார் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பதில் வாய்வரை வரும். ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது கூட வந்தவர்கள், இரண்டு மாதம் தூக்குச்சட்டியில் சோறு அனுப்பிய கொச்சங்காடிப் பெண்கள், எத்தனை பேர். ஆனால் சொல்ல மாட்டேன். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்: எனக்கு இங்கேயே இருக்கத்தான் ஆசை. மகளின் படிப்பு இங்கே, என் வேலை இங்கே, என் புத்தக அலமாரி இங்கே. எனக்கு அந்த ஆசை இருந்ததாலேயே என் தீர்ப்பை நான் நம்பவில்லை. வாயில்லாத மனுஷனை என் வசதிக்காக அந்நிய மண்ணில் பிடித்து வைத்திருக்கிறேனோ என்று பயந்தேன்.

ஆகவே அவரிடமே கேட்டேன். ஊருக்குப் போயிரலாமா? ஆமாமும் தொடவில்லை, வேண்டாமும் தொடவில்லை. காலிக் கட்டத்தைத் தொட்டார். மறுநாள் கேட்டேன், அதே காலிக் கட்டம். அதன் பிறகு நான் கேட்காதபோதும் அதைத் தட்ட ஆரம்பித்தார். கை தவறுகிறது, ஓரத்தில் இருப்பது கண்ணுக்குத் தெரியவில்லை போலும் என்று நானாக முடிவு கட்டினேன். முதல் நாள் பஸ்ஸைத் தொட்டாரே, அதுதான் பதில் என்றார் மூத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஞாயிற்றுக்கிழமை வேன் கொண்டுவருவதாக நாள் குறித்தார். நான் சாமான்களைக் கட்டினேன். பின்பக்கம் சங்கிலி போட்டு நிறுத்தியிருந்த தள்ளுவண்டியை, பள்ளுருத்தியில் காய் விற்கிற நம் ஊர்க்காரர் ஒருவருக்குக் கொடுப்பதாகப் பேசி முடித்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து நான் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டே காலிக் கட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை நூலகப் புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தேன்மொழிக்குப் பரீட்சை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, அதனால் அவரையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டேன். அந்தக் காலிக் கட்டம் வீணாகப் போகவேண்டாம், எங்கள் கருப்பசாமியின் அரிவாளை அதில் செதுக்கிக்கொண்டு போய்விடலாம் என்பது என் திட்டம். லிஃப்ட் கிடையாது. கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்த நாலு பேர், யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து நாற்காலியோடு அவரை மாடிக்குத் தூக்கினார்கள். அதில் ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டே, அண்ணாச்சியின் குரல் இல்லாமல் காலையில் மணி தெரிவதில்லை என்று மலையாளத்தில் சொன்னார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் அரிவாள் கதையைச் சொன்னதும், அவர் எதை அதிகம் தொடுகிறார் என்று ஷமீமா கேட்டாள். ஒன்றுமில்லாத கட்டத்தைத்தான் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்ப அக்கா, அண்ணாச்சிக்கு வேண்டியது இதுல இல்ல" என்றாள்.

அவர் இடது கையால் நாற்காலிப் பிடியை ஓங்கித் தட்டினார். எத்தனை நாளாகக் கத்தியிருக்கிறார், எனக்குத்தான் காது கேட்கவில்லை.

ஷமீமா திரையை அவர் பக்கம் திருப்பினாள். ஒரு வீடு வரைந்தாள். அவர் வேண்டாம் கட்டத்தைத் தொட்டார். ஒரு கோயில், வேண்டாம். ஒரு படகு, வேண்டாம். அவள் பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். சின்ன வயதில் இவர் குரல் கேட்டால் அவள் உம்மா கூடையைக் கையில் கொடுத்துத் துரத்துவார்களாம். கூடையோடு ஓடினால் இவர் ஒரு கேரட்டைத் துடைத்துக் கையில் தருவாராம். அதைச் சொல்லிக்கொண்டே ஒரு தள்ளுவண்டி வரைந்தாள். நாலு சக்கரம், மேலே பலகை. அவர் ஆமாமும் சொல்லவில்லை, வேண்டாமும் சொல்லவில்லை. விரலை எடுத்துத் திரையில் வண்டிக்கு மேலே காட்டினார். அவள் தராசு வரைந்தாள். இன்னும் மேலே என்று காட்டினார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. "குடை, ஷமீமா. பெரிய குடை. ஒரு கம்பி ஒடிஞ்சது" என்றேன். அவள் குடையை வரைந்து, ஒரு பக்கம் மட்டும் தொங்கவிட்டாள். அவர் ஐந்து விரலையும் விரித்துத் திரை மேல் வைத்து அழுதார். விழுந்த பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான். ஊரா ரூமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷனுக்குத் தெரு வேண்டியிருந்தது. இந்தத் தெரு, இந்தச் சந்து, கூடையோடு வருகிற இந்த மனுஷர்கள்.

ஷூவை மாட்டிக்கொண்டு பதினாறாவது கட்டத்தை நானே செதுக்கினேன். கண்ணீர் மறைத்தாலும் மிஷினை விட்டு நகரவில்லை, அது விதி.

ஞாயிற்றுக்கிழமை காலை மூத்தார் வேனோடு வந்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிப்போனது. ஒரு மூட்டை முருங்கைக்காயை இறக்கி வைத்துவிட்டு, "பலகையில படத்தத் தொட்டா அது பேச்சா தாயி? ஒனக்கு இருக்க ஆசை. அவன் மேல போட்டுப் பேசாத" என்றார். நான் பயந்த அதே வார்த்தை. நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று பலகையைக் கொடுத்துவிட்டு, அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். அவர் தம்பியின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "தம்பி, ஊருக்கு வாரியாடா?" என்று கேட்டார். விரல் வண்டியைத் தொட்டது. மறுபடி கேட்டார், மறுபடி வண்டி. மூன்றாவது தடவை அவர் கேட்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சோறு இருந்தாப் போடு தாயி" என்றார். சாப்பிட்டுவிட்டு வெறும் வேனோடு திரும்பினார். பள்ளுருத்திக்காரரிடம் போய், வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதற்கு நானே மன்னிப்புக் கேட்டேன். அண்ணாச்சி வண்டியை எடுத்து ஓட்ட அவருக்கும் மனமில்லை என்றார்.

இப்போது காலையில் கிடங்குக்குப் போகும்முன் இரண்டு மணிநேரம் நான் வண்டி தள்ளுகிறேன். நாற்காலியைத் தேன்மொழி தள்ளுவாள். எனக்குக் கத்த வராது. முதல் நாள் வாயைத் திறந்தேன், காக்கா பறந்தது. ஆனால் கத்தத் தேவையில்லை. முன்னால் அவர் வருகிறார், பார்த்துவிட்டுக் கூடையோடு வந்துவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை காய்கறி லாரியில் மூத்தார் அனுப்புகிற முருங்கைக்காய் மூட்டை வருகிறது. அவர் கோபம் ஒரு மாதம்தான் இருந்தது. மாடிக்கு இப்போதும் போகிறேன். ஆஸ்பத்திரியில் இவரைப் போல் பேச்சிழந்து கிடந்த தோப்பும்படி மீன்காரர் ஒருவருக்குப் பலகை செய்து கொடுத்தேன், சோற்றுப் படத்தில் மீனோடு. எனக்கு அங்கே சும்மா கிடைத்ததை நானும் ஒருவருக்குக் கொடுக்க முடிந்ததே, அந்த நிறைவு போதும் எனக்கு.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனோம். போகவேண்டும் என்று பஸ்ஸைத் தொட்டதே அவர்தான். மூத்தார் கட்டிய சரிவில் நாற்காலி ஏறியது. சொந்தம் எல்லாம் சுற்றி நின்றது. இரண்டு நாள் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மூன்றாம் நாள் காலை மூத்தார் பலகையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "இந்தா தாயி, விடிஞ்சதுலயிருந்து ஒன் புருசன் வண்டியத் தொட்டுட்டு இருக்கான்" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

கொச்சிக்குத் திரும்பி ரூம் கதவைத் திறந்தேன். இல்லை, வீட்டுக் கதவை என்றுதான் எழுத வேண்டும், கை பழகவில்லை. கறிவேப்பிலை வாடியிருந்தது, தண்ணீர் ஊற்றினேன். அவருக்கு டீ போட்டு எடுத்து வருவதற்குள், நாற்காலியில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தபடி அவர் பஸ்ஸின் மேல் விரல் வைத்திருந்தார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று திட்டத்தான் வாய் வந்தது. திட்டவில்லை. பஸ்ஸும் வண்டியும் பலகையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டம். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அவர் விரலுக்குப் பக்கத்தில் வண்டியின் மேல் என் விரலை வைத்தேன். டீ ஆறும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.